பச்சைத் திரையில் பதினோராவது நிரை

“...காட்டுக்கு நடுவுல புல்லு, புல்லுக்கு நடுவுல காடு, சீப்புப் பல்லு கணக்கா! எந்த ஊருலடா காடு இப்படி மொளைக்கும்? இந்தப் படத்த நம்பி நடந்தா பட்டினியில சாவ வேண்டியதுதான்லா” என்றாள் அக்கா.

அவள் விரல் நான் வரைந்த கட்டத்தாளின் மேல் இருந்தது. கண் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. திரையில் ஓடிய விளையாட்டில் எங்கள் ஆள் ஒரு மலைச்சுவரில் மூக்கை உரசிக்கொண்டு நின்றான். மலைக்குள் போக வழி இருக்கிறது என்று நான் தாளில் நட்சத்திரம் போட்டு வைத்திருந்த இடம் அதுதான். வழி இல்லை. கையிருப்புச் சாப்பாடு பதின்மூன்று. சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி. ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் பெட்டியின் சொந்தக்காரர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில், ஈப்போ நகரின் பழைய கடைவரிசை ஒன்றில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். எந்தப் பள்ளியிலும் கற்ற தொழில் இல்லை. பிரித்துப் பார்த்தேன், கெடுத்துப் பார்த்தேன், பிறகு எப்படியோ கை பழகிவிட்டது. அப்படி இருந்தவனிடம் ஒரு வாத்தியார் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். பொத்தான்கள் சில வேலை செய்யவில்லை, டிஸ்க் ஓடும் பெட்டி கறகறவென்று அரைத்தது. பள்ளி விடுமுறை, ஊருக்குப் போகிறேன், மூன்று வாரம் கழித்து சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

“ஓட்டிப் பாக்காம ரிப்பேர் ஆச்சுன்னு சொல்லாதீங்க. வெளையாட்டு டிஸ்க் உள்ளயே இருக்கு. புதுசா ஒரு ஆள ஆரம்பிச்சு நடக்கவுட்டுப் பாருங்க. என் ஆளத் தொட்டீங்க, அப்புறம் நான் நல்லவனா இருக்க மாட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில் பாதி உண்மை இருந்தது.

ஒரே வாரத்தில் பழுது முடிந்தது. ஓட்டிப் பார்க்கும் வேலைதான் முடியவில்லை.

அந்த விளையாட்டில் ஒரு பெரிய நாடே இருந்தது. மேலிருந்து பார்க்கிற மாதிரி மலை, காடு, புல்வெளி, கடல், அங்கங்கே கோட்டை, ஊர், குகை. எல்லாம் பச்சைப் புள்ளிகளாய்த் தெரியும். இந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரையில் தெரிவது நம் ஆளைச் சுற்றிக் கொஞ்சம் நிலம் மட்டும். மிச்சத்தை நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். நடந்தால் இரண்டு அடிக்கு ஒரு சாப்பாடு குறையும். சாப்பாடு தீர்ந்தால் சாவு. செத்தால் தெற்கு மூலையில் இருக்கிற முதல் ஊரில் வெறுங்கையோடு எழும்ப வேண்டும். அசல் விளையாட்டோடு நாட்டின் படம் ஒன்று வருமாம். வாத்தியாருடையது யாரோ நகல் எடுத்துக் கொடுத்த டிஸ்க். நாடு வந்தது, படம் வரவில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அக்காவுக்கு அந்த எரிச்சல் வேறு மாதிரி வரும். “நடந்தா சோறு கொறையுது. எஸ்டேட்லகூட நடந்தாத்தான் சோறு” என்பாள்.

அவள் கோலா கங்சார் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் இருபது வருடம் பால்மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவள். எஸ்டேட்டை விற்று மரங்களைச் சாய்த்ததும் என் வீட்டுக்கு வந்து, சிம்பாங் பூலாயில் பளிங்குக்கல் அறுக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான்கு மணிக்குக் கம்பெனி பஸ் அவளை என் கடை முனையில் இறக்கிவிடும். முடியெல்லாம் வெள்ளைத் தூள். குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, நான் ஆறு மணிக்குக் கடை சாத்தும்வரை காத்திருப்பாள். சும்மா இருக்கத் தெரியாதவள். முதல் நாள் “இது என்ன பொம்மை?” என்று கேட்டாள். இரண்டாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாளிலிருந்து அது அவள் நாற்காலி.

“இங்கிலீசு தெரியாம எப்படிக்கா வெளையாடுவ?” என்றேன்.

“நடக்குறதுக்கு எதுக்குலா இங்கிலீசு?”

பக்கத்துக் காப்பிக்கடைச் சீனர் காப்பி கொண்டுவரும்போதெல்லாம் திரையை எட்டிப் பார்த்து, “மாத்தி லாகி ஆ?” என்பார். மறுபடியும் செத்தாச்சா என்று மலாயில் கேட்கிறாராம். பெரும்பாலும் செத்துத்தான் இருப்போம்.

இரண்டாவது வாரம் அக்கா ஓர் ஊரின் விடுதிக்குள் போனாள். அங்கே ஒருவன் சொன்னதை நான் படித்துத் தமிழில் சொன்னேன். நீண்ட சமவெளியை ஒட்டிய மலைகளுக்குள் ஒரு வீடு இருக்கிறது, அங்கே இருப்பவரைப் போய்ப் பார் என்றிருந்தது. அவ்வளவுதான். எந்த மலை, எந்தப் பக்கம், ஒன்றும் இல்லை. அக்காவுக்கு அந்த வீடு பிடித்துக்கொண்டது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அதைப் பற்றித்தான் பேச்சு. “மலைக்குள்ள தனியா வீடு கட்டி இருக்கான்னா சும்மாவா இருப்பான்? பெட்டி போறதுக்குள்ள அந்த வீட்டுக்குள்ள ஒரு தடவ காலு வச்சிரணும்டா தம்பி.” வேறு எதையும் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

சரி, முறையாகப் படம் போடுவோம் என்று முடிவு செய்தோம். சமவெளிக்கு வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே ஒரு மலைத்தொடர். இடையில் இருபத்துநாலு கட்டம். அக்கா தெற்கு மலையடியிலிருந்து வடக்கு மலையடிவரை நேர்கோட்டில் நடப்பாள். காலுக்கடியில் என்ன இருக்கிறதோ அதை வாய்விட்டுச் சொல்வாள். “புல்லு, புல்லு, புல்லு, காடு, காடு...” எனக்கு வேலை கிடந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ஏதாவது டிவியைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் ஈயம் பற்றவைக்கும் கோல், மறு கையில் பென்சிலோடு, அவள் சொல்லச் சொல்லக் கட்டத்தில் எழுதுவேன். “நிரை முடிஞ்சுச்சு” என்பாள்; எஸ்டேட்டில் மரவரிசைக்கு அதுதான் பேர். நான் அடுத்த கோட்டின் அடிக்குப் பென்சிலைக் கொண்டுபோவேன். கீழிருந்து மேலாக ஒரு கோடு. மறுபடி கீழிருந்து மேலாக ஒரு கோடு.

பதினோராவது கோட்டை எழுதினபிறகுதான் சொன்னாள்: “இதுல மலை ஆரம்பிக்கிற எடத்துல புல்லு ஒண்ணு சந்து மாரி உள்ள போவுது. அங்கருந்துதான் இந்த நிரைய ஆரம்பிச்சேன். அடையாளம் வச்சுக்க.” கோட்டின் அடியில் நட்சத்திரம் போட்டேன்.

படம் முடிந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. காடு ஒரு கோட்டில் மேலே, அடுத்த கோட்டில் கீழே, அதற்கடுத்து மறுபடி மேலே என்று சீப்பு மாதிரி இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூதமும் பேயும் திரிகிற நாடு, காடு மட்டும் ஒழுங்காகவா இருக்கப் போகிறது என்று விட்டுவிட்டேன். அந்தப் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த சனிக்கிழமை நான்தான் வழி சொன்னேன். “கீழ போக்கா, தெற்கு மலையில இருக்கு சந்து.” அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு போனாள். போனால் மலைச்சுவர். அப்போதுதான் சீப்புப் பல் பேச்சு.

“நீ சொன்னதத்தான எழுதுனேன்!” என்றேன்.

“நான் சொன்னதயா எழுதுன? எங்க, ரெண்டாவது நிரைய எங்கருந்து ஆரம்பிச்ச, காட்டு.”

காட்டினேன். கீழிருந்து.

“மூணாவது?”

அதுவும் கீழிருந்து.

அக்கா பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கினாள். “ஏன்டா, மொத நிரைய வெட்டிக்கிட்டு மேல போனேன். அங்க நிரை முடிஞ்சுச்சு. அடுத்த நிரைய எங்கருந்து ஆரம்பிப்பேன்? அங்கருந்துதான கீழ வருவேன்? இல்ல, மறுபடி ஆரம்பத்துக்குப் பறந்து வருவேனா?”

நான் பிறந்தது எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். அம்மாவும் அக்காவும் ஒரு நிரையில் ஏறி அடுத்த நிரையில் இறங்குவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். மரம் வெட்டுகிற எவரும் வெறுங்கையோடு திரும்பி நடந்ததில்லை. அது எனக்குத் தெரியும். பென்சிலைப் பிடித்ததும் மறந்துபோனது.

“ஆபீசுல கணக்கெழுதுற கிராணி மாரி திரும்பி ஒக்காந்து எழுதுனா இப்படித்தான்லா வரும்” என்றாள்.

“உனக்குத் தெரியும்ல, அப்பவே சொல்லிருக்கலாம்ல!”

“தோணுச்சு. கீழ எறங்கி வர்ற நிரையிலதான பாத்தேன், அப்ப சந்து வடக்குலதான இருக்கணும்னு. சரி, படிச்சவன் சொல்றானேன்னு நடந்தேன்.”

ஆக இரட்டை எண் நிரைகள் எல்லாம் தலைகீழ் என்றேன். அப்படியானால் பதினோராவது சரியாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டேன். அக்கா தாளை எண்ணினாள். ஐந்தாவது நிரையை நான் இரண்டு தடவை எழுதியிருந்தேன். நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்த நாள் அது. என் பதினோராவது அவளுக்குப் பத்தாவது. அதாவது மேலிருந்து கீழே இறங்கிய நிரை.

சந்து வடக்கில். இருப்பது தெற்கில். இருபத்துநாலு அடி, பன்னிரண்டு சாப்பாடு. கையில் பதின்மூன்று.

அக்கா தாளைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு நடக்கத் தொடங்கினாள். இந்தத் தடவை புல்லு, காடு கணக்கு எதுவும் இல்லை. பாதி வழியில் கடை வாசலில் கார் நின்றது. வாத்தியார் உள்ளே வந்து “ரெடியா?” என்றார். அக்கா திரும்பாமலே, “ஒக்காருங்க சார், நிரை முடியல” என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தார். சாப்பாடு ஆறு. நான்கு. இரண்டு. மலைச்சுவரில் ஒரு கட்டம் புல் தெரிந்தது. உள்ளே நுழைந்தபோது ஒன்று. அடுத்த கட்டத்தில் வீடு.

வாத்தியார் எழுந்துவிட்டார். “இந்த வீட்ட அஞ்சு மாசமாத் தேடுறேன்!”

உள்ளே ஒரு மேசை, ஓர் ஆள். அவன் சொன்னதை நான் படித்தேன்: “நான்கு மந்திரக் கற்களையும் கொண்டு வா. அதுவரை உனக்கு இங்கே வேலை இல்லை.”

“இங்கயும் கல்லா?” என்றாள் அக்கா. தலையிலிருந்து கொஞ்சம் வெள்ளைத்தூள் உதிர்ந்தது. “காலையிலருந்து அதத்தான் தூக்கிட்டு வாரேன்.”

வாத்தியார் சிரிக்கக்கூட இல்லை. கவிழ்ந்து கிடந்த தாளைப் பார்த்துவிட்டார். “படம் போட்டு வச்சிருக்கீங்களா? எனக்குக் குடுங்களேன்.” நான், என்னைத்தான் சொல்ல வேண்டும், “தாராளமா எடுத்துக்குங்க சார்” என்று கையை நீட்டினேன். அக்கா முந்திக்கொண்டாள்.

“அது தப்புப் படம் சார். திருத்திப் போட தம்பிக்கு இன்னும் மூணு வாரம் ஆவும். பெட்டி இங்க இருந்தாத்தான் போட முடியும்.”

“பெட்டிதான் சரியாயிருச்சேம்மா?”

“ஆயிருச்சு சார். மறுபடி எப்ப கெடும்?”

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன். அக்கா அந்தத் தாளை நான்காக மடித்து, காலியான சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து, மூடியை அழுத்திச் சாத்தி, வெளியே போய் என் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.