திருப்பி எழுதிய நல்வரவு

அமெரிக்கா வந்து பிரிட்ஜ்வாட்டரில் வீடு வாங்கியபோது, வாசலில் 'நல்வரவு' என்று மரப்பலகை மாட்ட அப்பா ஆசைப்பட்டார். பக்கத்து வீட்டுக் கொரிய அங்கிள் தம் நாட்டு முறையில் மரத்தில் எழுத்துச் செதுக்குபவர். தாளில் எழுதித் தந்தால் அதைப் பலகையில் ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குவார். ஈரோட்டில் மூன்றாம் வகுப்பு முடித்து வந்திருந்த எனக்குத்தான் வீட்டில் நல்ல கையெழுத்து. எழுதும் வேலை என்னிடம் வந்தது.

அவர் செதுக்குவதை நான் ஒருமுறை வேடிக்கை பார்த்திருந்தேன். அன்று தாளைக் கவிழ்த்துத்தான் ஒட்டினார். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும். நான் எழுதிய தாளைக் கவிழ்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து, ஊடே தெரிந்த கோடுகளை இன்னொரு தாளில் நகலெடுத்துக் கொடுத்தேன். அவர் கவிழ்த்து ஒட்டும்போது நேராகிவிடும் என்பது என் யோசனை.

நான் பார்த்தது மை தடவி ஒற்றும் அச்சுக்கட்டை. பெயர்ப்பலகைக்குத் தாளை நிமிர்த்தித்தான் ஒட்டுவார்கள். அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. மூன்று வாரம் உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்து, ஒரு வளைவும் பிசகாமல் செதுக்கினார்.

கிரகப்பிரவேசத்தன்று கோட் சூட்டில் வந்து, பலகையைச் சுற்றியிருந்த துணியை அவரே விலக்கினார். எழுத்துகள் வலமிருந்து இடமாக நின்றன. அங்கிள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஏங் கண்ணு, நீ எழுதிக் குடுத்ததா இது?" என்றார் அப்பா.

"அவரு திருப்பி ஒட்டுவாருன்னு நெனச்சேம்ப்பா."

மாமாவுக்குச் சிரிப்பு தாளவில்லை. "ஆம்புலன்ஸ்ல எழுதுற மாதிரியே இருக்குதுங்க மாப்ள. கண்ணாடில பாத்தாத்தான் படிக்கலாம்."

"நீ சும்மா இருண்ணா. மனுசன் மூணு வாரம் உக்காந்து செதுக்கியிருக்காரு," என்ற அம்மா, அப்பாவிடம் திரும்பினாள். "ஏங்க, அப்படியே மாட்டுங்க."

அப்பா அங்கிளின் கையைப் பிடித்து "பர்ஃபெக்ட்!" என்றார். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வெடித்துவிட்டது. அதை மகிழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டு அங்கிளும் சிரித்தார். தாமே பலகையைக் கதவருகே மாட்டினார். எனக்கு அடி விழவில்லை, இலையில் இரண்டாவது ஜாங்கிரி விழுந்தது.

மறுநாளிலிருந்து அப்பா காரை ரிவர்ஸில் கொண்டுவந்து, வீட்டுக்கு முதுகு காட்டி நிறுத்தத் தொடங்கினார். முதல் வாரமே அம்மாவின் ரோஜாத் தொட்டி உடைந்தது. அப்போதும் விடவில்லை. காலையில் என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போகையில், ரியர்வியூ கண்ணாடியைக் கொஞ்சம் நிமிர்த்திப் பார்ப்பார். முகமெல்லாம் சிரிப்பாக வண்டியை எடுப்பார்.

தலைமுடி கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார் என நான் நினைத்துக்கொண்டேன். அவருக்கு அப்போதே பாதி வழுக்கை.