குங்குமம் வைத்த கட்டை

என் பெண்ணுக்கு நாலு வயதானபோது வீட்டில் அவளுக்குக் கிடைத்திருந்த பட்டம் 'அடம்'. மாமியார் எத்தனை கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். நான் கூப்பிட்டாலும் பாதி நாள் அப்படித்தான். அவள் அப்பா ஒரு குரல் கொடுத்தால் மட்டும் போட்டது போட்டபடி ஓடுவாள். காது நன்றாகத்தான் கேட்கிறது, ஆண்பிள்ளைக்குத்தான் பயப்படுகிறாள், எல்லாம் நான் கொடுக்கும் செல்லம் என்பார் மாமியார். அதை நம்பி நானும் இரண்டு தடவை அடித்திருக்கிறேன். இந்த வருஷம் பள்ளிக்கூடம் வேண்டாம், முதலில் அடங்கட்டும் என்று மாமியாரும் அவர் பிள்ளையும் முடிவு செய்தார்கள். எனக்குச் சம்மதமில்லை. ஆனால் எதிர்த்துச் சொல்லக் காரணமும் இல்லை.

காரணம் சித்திரை வீதியில் கிடைத்தது. சுவாமி புறப்பாட்டுக்குக் காத்திருந்தோம். பின்னால் ஒருவர் கைமணியை ஆட்டிக்கொண்டு போனார். பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் திரும்பின, இவள் அசையவில்லை. எங்கோ தூரத்தில் தவில் தொடங்கியதும் சட்டென்று திரும்பினாள்.

திருச்சியில் படித்த காலத்தில் ஹார்மோனியம் கற்றிருந்தேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். அவளைச் சொப்புகளோடு உட்காரவைத்து, பின்னாலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். இடது கோடியில் திரும்பினாள். நடுவிலும் திரும்பினாள். மேல் ஸ்தாயியில் சில கட்டைகள் தாண்டியதும் திரும்புவது நின்றது. வலது கோடிவரை போனேன். அவள் பாட்டுக்குச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள்.

உடனே சந்தேகம். தரை அதிர்வதை உணர்ந்து திரும்பினாளோ? பெட்டியை மெத்தைமேல் வைத்தேன். துருத்திக் காற்று முதுகில் பட்டதோ? கதவுக்குப் பின்னால் போனேன். விளையாட்டு மும்முரமோ? நாள் மாற்றி, வேளை மாற்றி அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் அதே கட்டையோடுதான் திரும்புவது நின்றது. அதற்கு மேலே போன சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அந்தக் கட்டையில் குங்குமம் தொட்டு வைத்தேன்.

மாமியார் குரல் மெல்லியது, உச்சியிலேயே நிற்பது. என்னுடையதும் அதற்குப் பக்கம்தான். மறுநாள் எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது, குரலை அடிவயிற்றுக்கு இறக்கி அவளைக் கூப்பிட்டேன். திரும்பினாள். ஓடி வந்து மடியில் ஏறினாள்.

"ஆம்பளை மாதிரிக் கத்தினா எந்தக் கொழந்தையும் பயந்துண்டு வரும்" என்றார் மாமியார்.

"பயந்தவ சிரிச்சுண்டா வருவா, அம்மா?"

அந்த வீட்டில் நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அது. கணவர் பெட்டிமுன் உட்கார்ந்தார். குங்குமத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தானே அழுத்திப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடம் வேண்டாம் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

விஜயதசமியன்று சேர்க்கப் போனேன். பெண் குழந்தைகளுக்குத் தனி வகுப்பு, அதற்கு ஒரு டீச்சர். அவர் இரண்டு வார்த்தை பேசியதுமே, குங்குமத்துக்கு மேலே என்று தெரிந்துவிட்டது. பையன்கள் வகுப்பு வாத்தியாருக்குக் கனத்த குரல். அங்கேதான் உட்காரவைக்க வேண்டும் என்றேன். வழக்கமில்லை என்றார்கள். அந்தக் குரல்தான் இவளுக்குக் கேட்கும் என்று மூன்று தடவை சொன்னேன். இடத்தைவிட்டு நகரவில்லை. ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். பையன்கள் வகுப்பில், முன்வரிசையில், ஒரே பெண்ணாக உட்கார்ந்தாள்.

வீதியிலும் அவளை அந்தத் தடித்த குரலில்தான் கூப்பிடுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கிறார்கள். இது பெண்களுக்கு லட்சணமில்லை என்கிறார் மாமியார். இருக்கட்டும். அவள் திரும்பிப் பார்க்கிறாள்.