அப்பா ஆடிய வீடியோவும் அதன் நகலும்

அக்கா கல்யாணம் முடிந்த கையோடு என் லேப்டாப் நிரம்பிவிட்டது. வீடியோக்காரர் கொடுத்தது, மாமாவின் பென் டிரைவில் வந்தது, அத்தை அனுப்பியது என்று ஒரே கல்யாணத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி வைத்திருந்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் வேலைக்கு இடம் வேண்டும். எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். ஒவ்வொன்றாகப் பார்த்து அழிப்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஞாயிறு காலை தொம்மலூர் வீட்டில், இரண்டு ஃபைல்கள் ஒன்றுதானா என்று பார்க்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன்.

அக்காவும் வந்திருந்தாள். “மாப்பிள்ளை அழைப்புல அப்பா ஆடினாராமே. நான் உள்ள மேக்கப்ல மாட்டிக்கினேன். அது மட்டும் போச்சு, அவ்ளோதான் நீ.”

“நான் எங்க ஆடினேன்? பேண்டுக்காரனுக்கு வழி விட்டேன்,” என்றார் அப்பா.

முதலில் இரண்டு ஃபைலையும் முழுசாக மெமரியில் ஏற்றி ஒப்பிட்டேன். லேப்டாப் திணறியது.

“இன்னாடா, மேம்பாலம் ஏர்ற என் ஆட்டோ மாதிரி கத்துது?” என்றார் அப்பா.

பிறகுதான் உறைத்தது. அளவு வேறு என்றால் ஃபைலும் வேறுதான், திறக்கவே வேண்டாம். அளவு ஒன்றாக இருப்பதை மட்டும் திறந்தால் போதும். அதிலும் தொடக்கத்தைக் கொஞ்சம் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று சாமர்த்தியம் காட்டினேன். ஸ்கிரிப்ட் சிட்டாகப் பறந்தது.

“இந்த ரெண்டும் ஒண்ணு. ஒண்ணைத் தூக்கிடறேன்.”

“சும்னே அப்டியே தூக்காத. ஓட்டிக் காட்டு,” என்றாள் அக்கா.

ஓட்டினேன். ஒன்றில் அப்பா ஓரமாகக் கைகட்டி நிற்கிறார். மற்றதில் அதே அப்பா, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பேண்டுக்கு முன்னால் இடுப்பை ஒடித்து ஆடுகிறார். நீளமான பதிவைக் கேமரா சம அளவுத் துண்டுகளாக வெட்டியிருக்கிறது. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் கேமரா எழுதி வைக்கும் தகவலும் ஒரே அச்சு.

“இதையாடா அழிக்கப் பாத்த? படிச்ச லட்சணம்!” அக்கா சிரித்துக்கொண்டே குட்டினாள்.

மறுபடி எழுதினேன். முதலில் அளவு. அது ஒத்துப்போனால் இரண்டையும் சின்னச் சின்னத் துண்டாகப் படிப்பது. வித்தியாசம் வந்த இடத்திலேயே நிறுத்துவது. கடைசிவரை வராவிட்டால்தான் ஒன்று என்பது. லேப்டாப் சத்தமில்லாமல் வேலை செய்தது. அப்பாவின் ஆட்டத்துக்கு அத்தை அனுப்பியதில் அச்சு அசலான நகல் ஒன்று, வேறு பெயரில் கிடைத்தது.

அப்பா பக்கத்தில் வந்தார். “நல்லாப் பாத்தியா? ரெண்டும் ஒண்ணுதானா?”

“கடைசி வரைக்கும் பாத்துட்டேன்பா.”

“அப்போ ஒண்ணை அழிச்சிடுவே.”

“ஆமாம்பா.”

“அப்டியே இன்னொண்ணையும் அழிச்சிடேன். பேஜாரே இல்ல.”

அதற்குள் அக்கா தன் பென் டிரைவைச் சொருகிவிட்டாள்.