முத்தலிப்பின் சனிக்கிழமைகள்

பலாபத்வல ஊர் முத்தலிப், மிளகு கொடியில் நிற்கும்போதே விலை பேசி வாங்குகிறவர். கொடியை ஒரு சுற்றுப் பார்ப்பார், கண்ணை இடுக்குவார், காய்ந்தால் இத்தனை இறாத்தல் என்பார். பாதித் தடவை சரியாக இருக்கும். மீதிப் பாதியை மழையின் தலையில் போட்டுவிடுவார். சூதாட்டம் ஹறாம் என்பதில் மட்டும் அவருக்கு இரண்டு கருத்துக் கிடையாது.

1962இல் மகள் றஸ்மியாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை யாகூப், சனிக்கிழமை தோறும் பிற்பகல் பஸ்ஸில் மாத்தளைக்குப் போவதைக் கவனித்தார். சீமைக் குதிரைகளுக்குப் பணம் கட்டும் புக்கிக் கடையில் கூட்டம் நெரிவதும் அன்றுதான்.

"குதிரைக்காரன்தான். கையும் களவுமாப் புடிச்சேன்னா கல்யாணம் இல்ல," என்றார் மனைவி மஸீனாவிடம்.

"பொடியன்கிட்டயே கேட்டா என்னவாம்?"

"கேட்டா சொல்லுவானா?"

கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதில் என்ன ருசி?

சனியன்று புக்கிக்குப் போனவரை எழுத்தர் ரபாயேல் மறித்தான். "சும்மா நிக்க ஏலாதுங்க முதலாளி. பந்தயத் துண்டு எழுதுறவங்களுக்குத்தான் எடம்."

உளவுச் செலவு என்று நினைத்து ஐம்பது சதம் கட்டினார். குதிரைப் பட்டியலில் ஐந்தாவது பெயரைத் தொட்டுக் காட்டினார். யாகூப் வரவில்லை. பந்தய முடிவு ஞாயிறு காலை ஏழு மணிக்குத்தான் பலகையில் ஏறும். அதுவரை வீட்டுச் சோறுகூட வேறு மாதிரி ருசித்தது. மறுநாள் பார்த்தால், இரண்டாம் இடம்.

"மயிரிழையில போச்சு முதலாளி! பழகினவங்களுக்கே இப்பிடி அமையாது," என்றான் ரபாயேல்.

தோற்றவனுக்குப் பாராட்டு! மிளகு வியாபாரத்தில் இல்லாத வசதி. அடுத்த சனியும் போனார், யாகூபைப் பிடிக்க. அதற்கடுத்த சனியும். அவன் வராதது சந்தேகத்தை வளர்த்தது: கள்ளன், உஷாராகிவிட்டான்! எட்டாவது வாரம் மூன்று ரூபாய் விழுந்தது. அடுத்த சனி வாசலைப் பார்க்கவே மறந்துபோனார்.

பத்தாவது சனியன்று யாகூப் உள்ளே வந்தான். முத்தலிப்பின் நெஞ்சு துள்ளியது. அகப்பட்டான்!

"மாமா, நான் எதிர்மாடியில டைப்பிங் படிக்கிறேன். ஜன்னலால பாத்தா இந்த வாசல்தான் தெரியும். பத்துக் கெழமையாப் பாத்துட்டேன். உம்மா கல்யாணம் வேணாங்கிறாங்க."

"மகன், உங்களப் புடிக்கத்தான் நான் வந்தேன்!"

யாகூப் அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தான்.

"அத உம்மாகிட்ட வந்து சொல்லுங்க. நாளைக்கு எட்டு மணி பஸ்ஸுல வேற எடம் பேசக் கண்டிக்குப் போறாங்க. காலைல ஏழு மணிக்கு வந்தா புடிக்கலாம்."

"ஏழு மணிக்கா?" முத்தலிப் துண்டை மெல்ல மடித்து இடுப்பு வாரிலிருந்த பையில் வைத்தார். "வேற நேரம் ஒண்ணும் இல்லையா மகன்?"