மாப்பிள்ளையின் டெரிலின் சட்டை

அறுபதுகளின் நடுவில், பௌதிகத்தில் பட்டம் வாங்கிய கையோடு, எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாகச் சேர்ந்தேன். முதலாளியின் மாப்பிள்ளைதான் மேனேஜர். வேலையே செய்யாத ஒரு மனிதனால் இவ்வளவு களைத்துப்போக முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். மதராசிலிருந்து வரவழைத்த டெரிலின் சட்டை, தடித்த ரப்பர் அடிபோட்ட செருப்பு. ஷெட்டுக்கு ஷெட் போய், தன் சட்டை கசங்கவே கசங்காது என்று சொல்லிவிட்டு வருவதுதான் அவருடைய நிர்வாகம்.

வெடிமருந்து கலக்கிற ஷெட்டுக்குள் இந்தச் சட்டை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். காற்று காய்ந்து கிடக்கிற பங்குனியில் அந்தச் செயற்கை இழைத் துணி உடம்பில் உரச உரச மின்னூட்டம் சேரும். வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு அது மண்ணுக்குள் இறங்கிவிடும். ரப்பர் செருப்புக்காரருக்கு இறங்க வழியில்லை, உடம்பிலேயே தங்கும். பிறகு எதைத் தொடப் போகிறாரோ அங்கே பொறியாகத் தாவும்.

"கம்பியே இல்லாத ஷெட்ல கரெண்டு எங்கிட்டிருந்துய்யா வரும்?" என்று கேட்டுவிட்டு, சுற்றி இருந்தவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்த்தார். சிரித்தார்கள். வேறு வழி?

ஒரு நண்பகல், அலுமினியப் பொடி கலந்த மருந்தைப் பித்தளைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போனார். "இன்னும் நைசா சலி" என்று சல்லடை விளிம்பை நோக்கி விரலை நீட்டினார். விரல் படுவதற்கு முன்னே 'சட்'டென்று ஒரு சத்தம். உடனே கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம். மருந்து கொஞ்சமாக இருந்ததால் அந்தப் பெண் உயிர் தப்பினாள். வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. நான் வாசலில் நின்றிருந்தேன். என்னைத் தள்ளிவிட்டு முதலில் வெளியே ஓடியவர் மாப்பிள்ளை. சட்டை நன்றாகவே கசங்கியிருந்தது.

சாயங்காலத்துக்குள் அவர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். அவள் வளையல் சல்லடையில் உரசியதாம். அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

நான் முதலாளியின் அறைக்குப் போனேன். அங்கேயே இருந்த மாப்பிள்ளையை ரெக்சின் நாற்காலியில் முதுகு உரச உட்காரவைத்து, எழுந்து இரும்புப் பீரோவின் பிடியைத் தொடச் சொன்னேன். பொறி பறந்தது. "ஆத்தே!" என்று கையை உதறினார்.

முதலாளி யோசித்தார். யோசித்திருக்கவே வேண்டாம்.

"பொறி வருது, சரிதான். அதுக்காக வீட்டு மாப்பிள்ளைய சட்டையக் கழட்டச் சொல்லுவியா? காந்தம்னா இழுக்கும்ல? ஒண்ண வாங்கி வாசல்ல மாட்டிருவோம்."

காந்தம் இரும்பைத்தான் இழுக்கும், உடம்பில் தங்கிக் கிடக்கும் மின்னூட்டத்தை அது சீண்டாது என்றேன்.

"அம்புட்டுப் பெரிய காந்தத்தால இம்புட்டுப் பொறிய இழுக்க முடியாதாக்கும்?"

மறுவாரம் லாட வடிவக் காந்தம் ஒன்று சந்தனம், குங்குமத்தோடு வந்து சேர்ந்தது. மருந்து ஷெட் வாசலிலேயே அதற்குக் கற்பூரம் கொளுத்தினார்கள். அன்றைக்கே வேலையை விட்டேன்.

அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போய், தீப்பிடித்தது வளையலால் அல்ல, மேனேஜரின் சட்டையால்தான் என்று விளக்கினேன். கையில் கட்டோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப மறுபடி வேலைக்கு எடுத்துக்கிடுவாகளா சார்?"

"இல்லம்மா."

"பெறகு எதுக்கு இம்புட்டு வெயில்ல வந்து சொல்றீக?"

கை ஆறியதும் சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டப் போனாள் என்று கேள்விப்பட்டேன்.

நான் விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானேன். சில வருஷம் கழித்து ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார் அதே மாப்பிள்ளை. விபத்தைத் தடுப்பது பற்றிப் பேசினார். "தொழிலாளிக கவனமா இருந்தா எந்த விபத்தும் வராது" என்றார். தலைமையாசிரியர் முதல் ஆளாகக் கைதட்ட, கூடம் முழுக்கத் தட்டியது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.