கர்நாடகப் பக்கத்தில் இல்லாத பெயர்

மைசூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் அரசுப் பேருந்து நடத்துநர். ஊர் கர்நாடக எல்லையோரம் ஹனூர் பக்கம். மனைவி தமிழ்நாட்டு அந்தியூர்க்காரர், எல்லை தாண்டி வாழ வந்தவர். ஒரே மகள். மைசூரிலேயே படித்தவள், வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம்.

நான் முப்பது ஆண்டுகள் செய்தித்தாள் ஒன்றில் பிரதி திருத்தும் மேசையில் இருந்தவன். மத்திய, மாநில அதிகாரம் பற்றிய செய்திகளை என் பக்கம்தான் தள்ளுவார்கள். எது தில்லியின் கையில், எது பெங்களூரின் கையில், எது இருவருக்கும் பொது என்று புத்தகத்தைப் பார்க்காமலே சொல்வேன். நடத்துநருக்கு இது தெரியும். அரசாங்கத்திடமிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் என்னிடம்தான் கொண்டுவருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில்வே வேலைக்கான விண்ணப்பத்தை மடிக்கணினியில் நிரப்பி எடுத்துக்கொண்டு அந்தப் பெண் கீழே வந்தாள்.

"அங்கிள், ஒந்து சல, ஒரே ஒரு தடவ பாருங்க. ஓபிசின்னே போடலாமா?"

அந்தியூரில் இருக்கும் அவளுடைய மாமன் மகளும் அதே வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். அத்தை வீடு மைசூரில் இருக்கிறதே என்று அவளும் கர்நாடகத்து இடங்களையே கேட்டிருந்தாள். இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே கட்டம் கட்டமாக நிரப்பியிருக்கிறார்கள். ஒரே சாதி, அவள் போட்டதையே இவளும் போட்டாள். இவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழில்தான்.

"சரியாத்தான் இருக்கு, அனுப்பு" என்றேன்.

வேலையில் இருந்தவரை இன்னொரு முறை சரிபார்க்காமல் ஒரு வரியையும் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. அன்று சாதிப் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. அதே மாதம் மாநில அரசின் எழுத்தர் தேர்வும் இருந்தது. ஒன்றையாவது உருப்படியாகப் படிக்கலாம் என்று அவள் அதை விட்டுவிட்டாள்.

ரயில்வே தேர்வில் இருவரும் தேறினார்கள். நடத்துநர் மாதேஸ்வரன் மலைக்குப் போய்வந்து லட்டு கொடுத்தார். "நீங்க பாத்து அனுப்புனதுங்க சார்" என்றார்.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு, மத்திய அரசின் படிவத்தில் சாதிச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். நானும் நடத்துநரும் ஹனூருக்குப் போனோம். தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் படிவத்தைப் படித்தார். பிறகு எங்கள் பக்கமே தள்ளினார்.

"இது ஆகாதுங்க. உங்க சாதி ஸ்டேட் லிஸ்ட்ல இருக்குது, சென்ட்ரல் லிஸ்ட்ல இல்ல."

"ஏனுங்க, அந்தியூர்ல எங்க மச்சான் பொண்ணுக்குக் குடுத்துட்டாங்களே?"

"அது தமிழ்நாட்டுக்குன்னு இருக்கற லிஸ்டுங்க. நம்முளுக்கு வேற."

"ரெண்டையும் எழுதுனது ஒரே சர்க்கார்தானுங்களே?"

"எழுதுனவங்களத்தான் கேக்கோணும். நான் கையெழுத்துப் போட்டா என் வேலை போயிரும். அப்பறம் உங்க பஸ்ஸுல டிக்கெட் கிழிக்க வர வேண்டியதுதான்."

பழக்கதோஷத்தில் நடத்துநர் சிரித்துவிட்டார்.

வெளியே மரத்தடியில் நின்று கைப்பேசியில் மத்தியப் பட்டியலைத் திறந்தேன். தமிழ்நாட்டுப் பக்கத்தில் அந்தச் சாதிப் பெயர் இருந்தது. கர்நாடகப் பக்கத்தை மூன்று முறை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தேன். இல்லை. மாநில அரசு தன் பட்டியலில் யாரையும் சேர்க்கலாம். அது மாநில வேலைக்கும் மாநிலக் கல்லூரிக்கும்தான் செல்லும். மத்திய வேலைக்கான பட்டியல் மாநிலவாரியாகத் தனியாக எழுதப்பட்டது. அதில் ஒரு பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் தில்லியின் அதிகாரம். இதே விஷயத்தை எத்தனையோ முறை சுருக்கி, தலைப்புப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

திரும்பும் பேருந்தில், கொள்ளேகால் தாண்டிய பிறகு, "நான் அன்னிக்கே பாத்திருக்கணும்" என்றேன்.

"விடுங்க சார். சர்க்கார் பண்ணுனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் சொன்னது பாதிதான் சரி என்று எனக்குத் தெரியும். மாநிலத் தேர்வை அவள் விட்டதற்குச் சர்க்கார் காரணமில்லை. அங்கே அவளுடைய சான்றிதழ் செல்லுபடியாகியிருக்கும்.

சான்று இல்லாததால் அவளைப் பொதுப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றரை மதிப்பெண் குறைந்தது.

மாமன் மகளுக்கு வேலை கிடைத்தது. மத்திய வேலை என்பதால் தமிழ்நாட்டில் வாங்கிய சான்று மைசூரிலும் செல்லும். அவளைப் பணியில் போட்டதும் மைசூரில்தான். அத்தை வீடு இருக்கும்போது விடுதி எதற்கு என்று மாடியிலேயே தங்கிவிட்டாள். காலையில் இருவரும் சேர்ந்தே இறங்குகிறார்கள். ஒருத்தி கழுத்தில் அடையாள அட்டையுடன் ரயில்வே அலுவலகத்துக்கு. மற்றவள் ஒரு கைப்பேசிக் கடையில் ரசீது போடுவதற்கு. முன்பெல்லாம் என் ஜன்னலைக் கடக்கும்போது "அங்கிள்" என்று ஒரு குரல் வரும். இப்போது செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது.

மாநிலத் தேர்வுக்கு மறுபடி விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். நேற்று மாலை மாடிப்படியில் பேச்சு கேட்டது.

"கீழ சார்கிட்ட ஒருக்கா காட்டிட்டு அனுப்பு சாமி."

"பேடப்பா, வேணாம். நான் ஆபீஸ்லயே போய்க் கேட்டுக்கறேன்."

"சார் ஏதாச்சும் நெனைச்சுக்குவாரு."

எழுத்தர் தேர்வு அறிவிப்பை நான் அன்று காலையே பதிவிறக்கி, அவளுடைய பிரிவுக்கு உரிய பத்தியை இரண்டு முறை படித்து, அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். மாடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்தத் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.