இஸ்ஸா போட்ட முக்கோணம்

எங்கள் ஊரில் கிணற்று ஆழத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தவளை, தக்காளி, பஸ்ஸூ சித்தப்பாவின் இடது செருப்பு என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தவன் நான்.

ஆனால் இது இஸ்ஸா அக்காவின் கதை. பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் கணக்குப் படித்தாள். அப்பா தவறிப்போனதும் பாதியில் திரும்பி வந்து சீரக வயலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷமாக மழை இல்லை. வயலோரம் கைவிட்டுப்போன சுரங்கக் குழி ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் இல்லையென்றால் காசாபிளாங்காவில் அண்ணன் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதுதான் கதி.

கல்லைப் போட்டு, சத்தம் வரும்வரை விநாடிக்கு ஒன்றாக எண்ணுவது எங்கள் வழக்கம். பள்ளிவாசல் கிணற்றில் இரண்டு எண்ணுவோம். ஆழம் இருபது மீட்டர். குழியில் நான்கு வந்தது. அப்படியானால் நாற்பது. ஊர்த் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் பஸ்ஸூ சித்தப்பா தாராளமாக ஐம்பது மீட்டர் கயிற்றை இறக்கினார். வாளி காய்ந்தே ஏறியது.

"இது ஜின் பண்ற சத்தம். குழிய மூடிருங்கடா."

"ஜின்னுக்கு வேற பொழப்பு இல்லையா சித்தப்பா?" என்றாள் இஸ்ஸா. "கல்லு என்ன, நடந்தா போகுது? ஒரு விநாடியில வேகம் பத்து மீட்டர், ரெண்டுல இருபது, நாலுல நாப்பது. விழ விழ ஓடுது."

குச்சியால் மண்ணில் கோடு போட்டாள். அடிக்கோடு நேரம், நிமிர்ந்த கோடு வேகம், நடுவில் சாய்ந்த கோடு.

"நேரத்தப் பொடிப்பொடியா நறுக்குங்க. ஒவ்வொரு பொடியிலயும் எவ்வளவு விழுந்துச்சோ அதையெல்லாம் கூட்டுங்க. கூட்டினா இந்த முக்கோணத்தோட பரப்பு பூராவும் வரும், அதுதான் ஆழம். ரெண்டு விநாடிக்கு இது இருபது மீட்டர்." பக்கத்தில் நான்கு விநாடிக்குப் பெரிய முக்கோணம் போட்டாள். "இதுக்குள்ள சின்னது எத்தனை அடங்கும்?"

நான்தான் எண்ணினேன். நான்கு.

"நாலு இருபது எண்பது. சத்தம் மேல ஏறி வர நேரம் ஆகுமே, அதுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கலாம்."

"எண்பதா!" சித்தப்பா சிரித்தார். "கழுதைக்குக் கண்ணாடி மாட்டுன மாதிரி இருக்கு உன் படிப்பு."

"தண்ணி இல்லைன்னா முதல் கூடை மண்ண நானே போடுறேன். நாளைக்கே பஸ் ஏறிடுறேன்."

ஊரிலிருந்த கயிறுகளையெல்லாம் முடிச்சுப் போட்டு எழுபத்திரண்டு மீட்டர் சேர்த்தோம். இறக்கினோம். கயிறு தீர்ந்தது. வாளி இன்னும் அந்தரத்தில்தான் ஆடியது. இஸ்ஸாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"இன்னும் கொஞ்சம்தான். சித்தப்பா, உங்க தலைப்பாகை..."

"என் மானத்தையா குழிக்குள்ள விடுவ?"

பின்னால் நின்ற நான் ஒரே இழுப்பு. வெயிலில் சித்தப்பாவின் வழுக்கை பளபளத்தது. ஐந்து மீட்டர் துணி என் கையில்.

"பிசாசுப் பயலே!"

துணியை இஸ்ஸாவிடம் வீசிவிட்டு ஓடினேன். துரத்தி வந்தவர் பாதியில் அப்படியே நின்றார். துணியைக் கட்டி இறக்கிய இஸ்ஸாவின் கையில் கயிறு சட்டென்று தளர்ந்து, மறுகணம் கனத்தது. கழுதையைப் பூட்டி இழுத்தோம். வாளி விளிம்பு வரை தண்ணீர்! பெண்கள் குலவையிட்டார்கள். ஈரம் பட்ட இடம் வரை அளந்தால் எழுபத்தாறு மீட்டர். சத்தமும் எங்கள் எண்ணிக்கைப் பிசகும் சேர்ந்து தின்றது மீதி நாலு.

முதல் கை அள்ளிச் சித்தப்பாதான் குடித்தார். "ஜின்னு தண்ணி தித்திப்பாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, மீதியை வழுக்கையில் ஊற்றிக்கொண்டார். அந்த வருஷச் சீரகத்தின் வாசனை பெருஞ்சாலை வரை போனது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று: இஸ்ஸாவின் பயணப் பையை கயிறு சேர்க்கப் போனபோதே வைக்கோலுக்குள் ஒளித்துவிட்டேன். கணக்குப் பொய்த்திருந்தாலும் அவள் பஸ் ஏறியிருக்க முடியாது.